சேறு பூசிய லாரி

பெட்டியில் துண்டு துண்டாக வந்து, ஒட்டப்பட்டு, பச்சை பெயின்ட்டும் வாங்கிக்கொண்ட அந்தக் குட்டி ராணுவ பொம்மை லாரி, பழைய பிரஷ்ஷைப் பார்த்ததுமே முறைத்தது. பிரஷ்ஷின் நுனியில் சேற்று நிறம்.

"எதற்கு என் சக்கரத்தையே பார்க்கிறாய்?"

"நிஜ வண்டி மாதிரி தெரியக் கொஞ்சம் சேறு, கதவோரம் கொஞ்சம் துரு. அவ்வளவுதான்."

"உனக்கு முடி கொட்டுகிறது. நான் பளபளப்பாக இருப்பது உனக்குப் பொறுக்கவில்லை."

பிரஷ் சேற்றையும் துருவையும் தீட்டி வேலையை முடித்தது. அலமாரிக்குப் போன லாரியைப் பார்த்தவர்களெல்லாம், "எத்தனை போர் பார்த்த வண்டியோ" என்று வியந்தார்கள்.

மறுவாரம் பக்கத்தில் ஒரு புது ஜீப் வந்து நின்றது. மேசையையும் அலமாரியையும் தவிர எதையும் பார்த்திராத லாரி அதை மேலும் கீழும் நோட்டம் விட்டது.

"உடம்பில் ஒரு பொட்டுச் சேறுகூட இல்லையே தம்பி. நீ நிஜமாகவே போருக்குப் போனவன்தானா?"