குறட்டை மிசின்

மத்தியான வெயிலில் கூரைத் தகரம் டக் டக்கென்று சத்தமிடுகிறது. கனடாவிலிருந்து மூன்று நாள் அலைந்து வந்து சேர்ந்த அண்ணன் யோகநாதன் சாய்மனைக் கதிரையில் குறட்டை விட்டுத் தூங்குகிறார். அவர் சுமந்து வந்த மிசின் குழாயும் முகமூடியுமாக மேசையில் கிடக்கிறது. தூங்கும்போது மூக்கில் மாட்டினால் காற்றடிக்குமாம். அதன் பற்றறியை, உள்ளே கொண்டுபோகத் தடையென்று, வழியில் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பறித்துவிட்டார்கள். "குறட்டைக்கும் மிசினோ?" என்று விமலேஸ்வரியின் புருசன் சிரித்துவிட்டு இப்போதுதான் வயலுக்குப் போனான். குறட்டை சட்டென்று நிற்கிறது. அப்பாடா என்று சுளகை எடுத்த விமலேஸ்வரி, புடைக்காமல் அப்படியே நிற்கிறாள். அண்ணனின் நெஞ்சு ஏறவில்லை. திறந்த வாயில் உதடு நீலம் பாய்ந்திருக்கிறது. "அண்ணை! ஐயோ, மூச்சு விடுங்கோ அண்ணை!" உலுக்குகிறாள். கிணற்றுக்குள்ளிருந்து மேலே வந்தவர்போல் ஒரு பெரிய மூச்சை இழுத்து, கண் திறக்காமலே அவர் மறுபடி குறட்டை விடுகிறார். அதுவும் நிற்கிறது. மிசினைத் தூக்கிக்கொண்டு விமலேஸ்வரி சுவருக்கு ஓடுகிறாள். பிளக் ஓட்டைகளைக் குளவி மண்ணால் அடைத்திருக்கிறது. கொண்டை ஊசியால் சுரண்டுகிறாள். மண் காலில் உதிர்கிறது. மூன்று ஓட்டையையும் துப்புரவாக்கி, பிளக்கை அமத்திச் செருகி, ஒன்பது வருசமாகக் கறண்ட் இல்லாத அந்த வீட்டில், சுவிச்சைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாள்.