முன்மொழிபவர்

ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். தொட்டி வழிந்ததும் நிறுத்தினான்.

பால் பாக்கெட்டைக் கத்தரித்து அடுப்பில் வைத்தான். பொங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

முகம் மழித்தான். குளித்தான். வெள்ளைச் சட்டையைத் தேய்த்தான். காலர், கை, முதுகு.

ஜெயித்தது அவள். வெள்ளைச் சட்டைக்கு மாறியது அவன்.

ஊராட்சித் தலைவர் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். அவன் நிற்க முடியாது. மனைவி செந்தாமரையை நிறுத்தினான். அவனைவிட ஒரு பட்டம் அதிகம் படித்தவள்.

ஊர் அவனைத் தலைவரே என்றது. அவளைத் தலைவர் வீட்டம்மா என்றது.

ஜனவரியில் போய்விட்டாள். டெங்கு.

ஆறு மாதம் ஆகிறது. ஊர் இன்னும் அவனைத் தலைவரே என்கிறது.

இன்று இடைத்தேர்தலுக்கு மனுத் தாக்கல் செய்யக் கடைசி நாள். மூன்று மணியோடு முடிகிறது.

இந்த முறை தம்பி மனைவி சுகுணா.

வாசலுக்கு வந்தான். எதிர்ச் சுவரில் அஞ்சலிப் போஸ்டர். ஒரு முனை பிய்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

போஸ்டருக்கு அவள் தனியாக இருக்கும் படம் கிடைக்கவில்லை. சுதந்திர தினத்தன்று கொடியேற்றிய படத்திலிருந்துதான் எடுத்தார்கள். கயிற்றைப் பிடித்திருந்த அவனை வெட்டிவிட்டார்கள். அவள் மட்டும் மேலே எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

கீழே அவளுடைய கடைசி வார்த்தை. சிவப்பு எழுத்தில்.

‘ஊரைப் பார்த்துக்கோங்க.’

ஒன்பது மணிக்குக் கிளைச் செயலாளர் மாசிலாமணி மனுவோடு வந்தார். உட்காரவில்லை.

“சீக்கிரம் முடிங்க தலைவரே. பத்தரைக்கெல்லாம் போயிட்டா கூட்டமிருக்காது.”

பக்கத்து வீட்டிலிருந்து சுகுணா வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். மாசிலாமணி விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

“அவ்ளோதானாண்ணா?”

“அவ்ளோதாம்மா. இதுக்கப்புறம் ஒனக்கு ஒரு வேலையும் இல்ல. எல்லாம் தலைவர் பாத்துப்பாரு.”

மனு அவன் பக்கம் வந்தது. முன்மொழிபவர் கையொப்பம்.

போட்டான்.

மாசிலாமணி எடுத்து மை காய ஊதினார். ஊதியவர் நிறுத்தினார்.

“என்ன தலைவரே இது?”

பார்த்தான்.

ம. செந்தாமரை. கடைசி எழுத்திலிருந்து ஒரு கோடு பின்னால் ஓடிப் பெயர் முழுவதற்கும் அடிக்கோடாகியிருந்தது.

முதல் ஒரு மாதம் அவளே போட்டாள். பிறகு கோப்புகள் வரும்போதெல்லாம் அடுப்பில் ஏதாவது இருந்தது. யார் போட்டால் என்ன என்றார் ஊராட்சிச் செயலர். அவன் பழகிக்கொண்டான். முதலில் கைக்கு வராதது அந்தக் கோடுதான். பக்கத்தில் உட்கார்ந்து அவளேதான் எழுதிக் காட்டினாள். பேனாவைத் தூக்காமல் இழுக்க வேண்டும்.

மூன்று வருடம். தீர்மானப் புத்தகம் முழுக்க அவன் கை. எங்கும் அவள் பெயர்.

“செத்தவங்க முன்மொழிஞ்சா அங்க வாங்க மாட்டாங்க தலைவரே.”

மாசிலாமணி மட்டும் சிரித்தார். தாளை நான்காகக் கிழித்தார்.

“வேற ஃபாரம் வாங்கியாறேன். எங்கயும் போயிடாதீங்க.”

வண்டிச் சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

சுகுணா போகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாமா.”

நிமிர்ந்தான்.

“ஜெயிச்சா நானும் பஞ்சாயத்து ஆபீசுக்கு வரணுமா?”

வேணாம் என்ற சொல் பல் வரை வந்தது. பழகிய சொல்.

குடியரசு தினத்தன்று காலையிலும் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தான். இதே மேசை. அவளுக்கு மூன்றாவது நாளாகக் காய்ச்சல். தரையில் உட்கார்ந்து கொடியை விரித்து வைத்திருந்தாள். நடுவில் ரோஜா இதழ். மடிப்பதும் முடிச்சுப் போடுவதும் எப்போதும் அவள்தான். ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். பூ கொட்ட வேண்டும். அந்த முடிச்சு ஊரில் வேறு யாருக்கும் வராது.

மடித்து அவன் கையில் கொடுத்தாள். கொதித்தது அவள் கை.

கொடுத்துவிட்டு ஒன்று கேட்டாள்.

வேணாம், படு என்றான்.

முடிச்சு நன்றாக அவிழ்ந்தது. பூ கொட்டியது. மிட்டாய் கொடுத்தார்கள். அவளுக்கும் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தான்.

எழுப்பினான். எழவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

போஸ்டருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது மாசிலாமணி. அவன்தான் சரி பார்த்தான். எழுத்துப்பிழை இல்லை.

வண்டி திரும்பி வந்தது. புதுத் தாளை மேசையில் வைத்து மாசிலாமணி பேனாவை நீட்டினார்.

“இந்த வாட்டி ஒங்க பேரு. ஞாபகம் இருக்குல்ல?”

அவன் பேனாவை வாங்கவில்லை. தாளைச் சுகுணா பக்கம் திருப்பி வைத்தான்.

“மொதல்லேர்ந்து படி. முழுசா படிச்சுட்டு, நிக்கணுமான்னு நீ சொல்லு.”

மாசிலாமணி கடிகாரத்தைப் பார்த்தார்.

சுகுணா அவரைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு தாளின் முதல் வரியில் விரல் வைத்தாள்.

அவன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே அவள் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று கொடியைக் கையில் கொடுத்துவிட்டு அவள் கேட்டது இதுதான்.

“ஏங்க, இந்த வாட்டி கயித்த நான் இழுக்கட்டா?”