சோபாவில் டெய்சி

“ஏனுங்க, டெய்சிக்கு இந்தத் தடவை குட்டி வேண்டாங்க. போன குட்டிகளுக்கே பால் பத்தல” என்று சுகந்தி முன்பு ஒருநாள் சொன்னபோது நாய்ப் பண்ணை வைத்துக் குட்டிகளை விற்கும் அவள் கணவன் முத்துரத்தினம் சிரித்தான். “அப்ப அவளைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பி வெச்சரலாமா?” அதற்குப் பிறகும் டெய்சி இரண்டு முறை ஈன்றுவிட்டது. வயதான நாயைக் குட்டி போட விடக் கூடாது என்பது சட்டம். அதைப் பார்க்க வரும் அதிகாரியோ முதல்நாளே போனில் சொல்லிவிட்டுத்தான் வருவார். அன்று மட்டும் டெய்சியைக் கூண்டிலிருந்து எடுத்துக் குளிப்பாட்டி, கூடத்துச் சோபாவில் படுக்க வைப்பார்கள். இன்றும் அப்படித்தான். “இது வீட்டுச் செல்லம் சார். குட்டி போடற வயசெல்லாம் தாண்டிருச்சு” என்றான் முத்துரத்தினம். அதிகாரி கூண்டுகளை அளந்தார், தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். மெத்தையில் காலை நீட்டிக் குறட்டை விட்ட டெய்சியைப் பார்த்து, “ராஜ வாழ்க்கை” என்று சிரித்தார். ஒவ்வொரு முறையும் அவர் காபி குடித்து முடிக்கும்வரை சுகந்தி ஒரு வார்த்தையை விழுங்கிக்கொண்டே இருப்பாள். இன்று அவர் எழுந்ததுமே, டெய்சியை மறுபடி கூண்டில் அடைக்கக் கணவன் சங்கிலியைக் கையில் எடுத்துவிட்டான். அவள் வாசலுக்கு ஓடி ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டாள். “சார், அடுத்த தடவை சொல்லாம வாங்க.”