பதிவு எண் 2014/63

யாரும் கேட்கும் முன்பே ருக்குமணி தன் அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதன் பக்கத்தில் கிடங்குச் சாவியையும் வைத்தார்.

“நான் இன்னும் எதுவுமே சொல்லலையே” என்றார் சாந்தினி. அருங்காட்சியகத்துக்கு இயக்குநராக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

“எப்படியும் கேட்கத்தானே போறீங்க, மேடம்.”

சாந்தினி ஒரு தாளை எடுத்தார். தபாலில் வந்த மொட்டைக் கடிதம். கணினியில் அச்சடித்திருந்தது.

“‘பதிவாளர் ருக்குமணி, பதிவு எண் 2014/63 கொண்ட சந்தன மர அத்தர் பெட்டியைத் துணிப்பையில் வைத்து வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார். கிடங்குப் பொறுப்பாளர் ஜபருல்லாவைக் கேட்டால் உண்மை தெரியும்.’ இவ்வளவுதான் இருக்கு.”

ருக்குமணி தலை குனிந்தபடி இருந்தார்.

“கிடங்குல அஞ்சு பொருள் காணோம்னு போன மாசம் நீங்களே வந்து சொன்னீங்க. யார் பேரும் இல்லாம விசாரணை வைக்க முடியாதுன்னு சொல்லி அனுப்பினேன். இப்ப பேர் வந்திருக்கு. உங்க பேரு.”

“ஜபருல்லா அண்ணனக் கேட்டீங்களா மேடம்?”

“நேத்தே கேட்டேன்.”

ருக்குமணி சட்டென்று நிமிர்ந்தார். “இல்லன்னுதானே சொன்னாரு?”

சாந்தினி எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே நாற்காலியில் காத்திருந்த ஜபருல்லா உள்ளே வந்தார்.

பதினேழு வருடமாக இருவருக்கும் ஒரே கிடங்கு. பழம்பொருள்களுக்கு எண் போட்டுப் பதிவேட்டில் எழுதுவது ருக்குமணியின் வேலை, அவற்றைத் துடைத்துப் பாதுகாப்பது ஜபருல்லாவின் வேலை. மாலையில் ருக்குமணியைத் தன் காரில் ஏற்றிப் படகுத்துறையில் இறக்கிவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார். வெள்ளம் புகுந்த வருடம் இடுப்பளவு தண்ணீரில் பெட்டிகளைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றியதும் இவர்கள் இருவரும்தான்.

“என்னண்ணே பார்த்தீங்க?” என்று ருக்குமணியே கேட்டார்.

“மறைச்சு என்ன லா ஆகப் போகுது, தங்கச்சி?” ஜபருல்லா இயக்குநரைப் பார்த்துப் பேசினார். “மூணு வாரம் இருக்கும் மேடம். சாயங்காலம் தங்கச்சி என் காடியில ஏறுச்சு. மடியில துணிப்பை. பெட்டியோட மூலை வெளிய துருத்திக்கிட்டு இருந்துச்சு. இத்தன வருஷமா ஏத்திட்டுப் போறேன், பெட்ரோலுக்குன்னு ஒரு வெள்ளி காசு கேட்டதில்ல. என் காடியிலயே வெச்சுக் கொண்டு போயிருக்கு பாருங்க!”

“அந்தப் பெட்டிதானா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கண்ணே.”

“எனக்குத் தெரியாதா? ரெண்டாயிரத்துப் பதினாலுல வந்தது. கூரை வேலைக்காகப் பாதி வருஷம் மூடிக் கெடந்தோம். அந்த வருஷம் சேர்ந்ததே கொஞ்சம்தான். ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம்.”

“பெட்டிக்கு உள்ள என்ன துணி?”

“பச்ச வெல்வெட்” என்றார் தயங்காமல். “மாசா மாசம் நான்தானே தொடச்சு வெக்கிறேன்.”

“பச்சையா” என்று ருக்குமணி தனக்குள் சொல்லிக்கொண்டார். கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

“அப்ப காணாமப் போன மத்த அஞ்சு பொருள்?” என்று சாந்தினி கேட்டார்.

“அத என் வாயால எப்படிச் சொல்றது மேடம்? கிடங்குக்குச் சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என்கிட்ட இருக்கு.” மேசைமேல் கிடந்த இன்னொரு சாவியை அவர் பார்த்த பார்வையிலேயே மிச்சம் இருந்தது.

வாக்குமூலத்தின் அடியில் ஜபருல்லா கையெழுத்துப் போட்டார். சாந்தினி பெருமூச்சு விட்டார்.

“ருக்குமணி, இன்னையிலிருந்து உங்களுக்கு இடைநீக்கம். ஓய்வு பெற ரெண்டு வருஷம்தான் இருக்குன்னு தெரியும். நிரூபணமாயிட்டா பென்ஷனும் கிடைக்காது. விதிப்படி பதிவேட்டுப் பக்கத்தையும் நகல் எடுத்துச் சேர்க்கணும்.”

“நான் தொடல மேடம். அண்ணனே எடுத்துப் படிக்கட்டும்.”

ஜபருல்லா அலமாரியிலிருந்து கனத்த பதிவேட்டை எடுத்து விரித்தார். எல்லாம் ருக்குமணியின் குண்டு எழுத்து. விரல் வரிவரியாக இறங்கியது.

“முப்பத்தொம்போது... நாப்பது... நாப்பத்தொண்ணு...”

பக்கத்தைத் திருப்பினார். உடனே பின்னால் திருப்பினார். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டதோ என்று விரலை எச்சில் தொட்டு உரசிப் பார்த்தார்.

“என்ன ஆச்சு? அறுபத்து மூணப் படிங்க.”

சாந்தினி பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். 2014/41க்கு அடுத்த வரி 2015/1. பக்க எண்கள் வரிசையாக இருந்தன. ஒரு தாளும் கிழிக்கப்படவில்லை.

“அந்த வருஷம் வந்ததே நாப்பத்தோரு பொருள்தான். அதுல அத்தர் பெட்டியே இல்ல. அப்ப மாசா மாசம் நீங்க எதத் தொடச்சீங்க, மிஸ்டர் ஜபருல்லா?”

ஜபருல்லாவின் கை சட்டைப் பையிலிருந்த சாவியைப் பொத்திக்கொண்டது.

சாந்தினி மொட்டைக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். “இல்லாத பெட்டிக்கு நம்பர் போட்டு இத எழுதுனது யாரு?”

ருக்குமணி ஜபருல்லாவை மட்டும் பார்த்தார்.

“நான்தான். விசாரணை வைக்க ஒரு பேர் வேணும்னாங்க. நீங்க எனக்காகப் பேசுவீங்கன்னு நம்பி என் பேரையே எழுதுனேண்ணே.”