இரண்டு விரல் இடம்

அந்தப் பெண் தொட்டிலைக் கட்டிவிட்டுக் கடைசி முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டிருந்தபோது, நான் கத்தரியோடு போய் நின்றேன்.

பாலாற்றங்கரையில் நூற்றைம்பது வருடத்து மரத்தோட்டம் இது. வெள்ளைக்காரர் காலத்தில் எங்கெங்கிருந்தோ விதை வரவழைத்து வைத்தது. மரத்துக்கு மரம் தகரத்தில் பெயர்ப்பலகை உண்டு. எனக்கு இங்கே இருபது வருட வேலை.

அவள் கட்டிய மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. சிவகுண்டலம் என்பார்கள். கயிறுபோல் நீண்ட காம்புகளில் காய்கள் தொங்கி, காற்றில் தொட்டில்போல் ஆடும். அதைப் பார்த்துவிட்டு எவரோ முதல் தொட்டிலைக் கட்டினார். இப்போது வாரத்துக்குப் பத்து வருகிறது. அறுப்பது என் வேலை.

"அறுத்துடாதீங்கண்ணா. கல்யாணமாயி ஒம்போது வருசமாச்சு."

கூட வந்த கணவர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். "கிறிஸ்டோபரா? அதான பாத்தேன். எங்க தொட்டிலுன்னா உங்களுக்குக் கை துறுதுறுங்குது."

"சும்மா இருங்க. அவரு இன்னா சொல்றாருன்னு கேப்போம்."

கேட்க ஓர் ஆள் கிடைத்தால் எனக்குப் போதும்.

மரத்துக்குள் இரண்டு வழி இருக்கிறது என்றேன். தண்ணீர் கட்டை வழியாக மேலே ஏறும். இலை சமைத்த சாப்பாடு பட்டையின் உள்தோல் வழியாகக் கீழே இறங்கும். கிளையில் நூலைச் சுற்றினால் இன்றைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கிளை பருக்கும், நூல் பருக்காது. முதலில் நசுங்குவது உள்தோல்தான். சாப்பாடு இறங்க முடியாமல் அங்கேயே தேங்கி வீங்கும். தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டிருப்பதால் இலைகள் பச்சையாகவே இருக்கும். யாருக்கும் சந்தேகம் வராது. பிறகு ஒரு நாள் காற்றடிக்கும்போது, சரியாக அந்த இடத்தில் ஒடியும்.

பருத்தி நூலென்றால் ஒரு மழைக்காலத்தில் இற்றுவிடும். பட்டு நெய்யும் இந்த ஊரில் யாரும் பருத்தியில் கட்டுவதில்லை. பட்டு, அதுவும் நாலைந்து இழை சேர்த்து முறுக்கியது.

போன ஆடிக் காற்றில் ஒடிந்த கிளையை எடுத்துவந்து, நூல் புதைந்திருந்த பள்ளத்தில் விரலை வைக்கச் சொன்னேன்.

வைத்தாள். உடனே எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு விரலு எடம் விட்டுக் கட்டினா?"

நல்ல கேள்வி. "கட்டலாம்மா. ஆனா கெள பருத்துக்கினே இருக்கும். வருசா வருசம் அவுத்து, தளர்த்திக் கட்டணும். அதுக்கோசரம் யாரு வரப் போறாங்க?"

அவள் ஓர் அடி தள்ளி நின்றாள்.

அறுத்தேன்.

தொட்டிலைக் கணவர் வாங்கிக்கொண்டார். நூலை அவள் விரல்களில் சுற்றிக்கொண்டாள். நல்ல அரக்குச் சிவப்பு. ஐயம்பேட்டையில் அவர்களுக்குச் சாயப்பட்டறை. அவளே தோய்த்தது என்றார் கணவர்.

இந்த நிறம் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டேன். இப்படி எதையாவது கேட்காமல் இருக்க என்னால் முடியாது.

"வெயில் பட்ட எடம் வெளுத்துப் போயிடும்ணா. முடிச்சுக்குள்ள இருக்கறது மட்டும் அப்படியே நிக்கும்."

"காயத்ரி, ஆட்டோ போயிடப் போவுது." கணவர் முன்னால் நடந்தார்.

அவள் மரத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். அடிமரத்தின் மறுபக்கத்தில், ஆள் உயரத்தில் ஒரு கிளை. அங்கே நின்றுவிட்டாள்.

கிளையில் வெறும் நூல்தான் இருந்தது. தொட்டில் எப்போதோ விழுந்துவிட்டது.

நூலுக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழைந்தன.

நூல் நன்றாக வெளுத்திருந்தது. ஆனால் இடைவிட்டு இடைவிட்டு, பழைய முடிச்சுகள் இருந்த இடங்களில், சிவப்பாகத் திட்டுகள். முதல் திட்டு இருப்பதே தெரியவில்லை. அடுத்தது கொஞ்சம் தெரிந்தது. முடிச்சை நெருங்க நெருங்கச் சிவப்பு கூடிக்கொண்டே வந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள்.

ஏழு.

என் கையிலிருந்த கத்தரியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

கத்தரியைச் சட்டைப்பைக்குள் போட்டேன். இருபது வருடத்தில் நான் அறுக்காமல் விட்ட நூல் இது ஒன்றுதான்.

முடிச்சுக்கு வெளியே மிஞ்சியிருந்த நுனியை இரண்டு விரலால் நிமிர்த்திப் பிடித்தாள். அரை விரல்கூட இல்லை.

"அடுத்த வருசத்துக்கு எட்டாதுண்ணா," என்றாள். தன் விரல்களில் சுற்றியிருந்ததைப் பிரித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.