இரண்டே முக்கால் மணி ஏசி

“அந்த ரிமோட்டை இப்படிக் குடுங்க சார். இல்லன்னா ஏசியைக் கல்லால அடிப்பேன்.”

நான்காம் வகுப்பு ஆசிரியை யெசீனியா பர்ராகன் கையை நீட்டியபடி நின்றாள். வெண்டல் சில்வேரா ரிமோட்டைச் சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். பள்ளி விட்ட பிறகு நடக்கும் மாலை வகுப்பும் கோடை முகாமும் அவர் பொறுப்பு.

“ரெண்டே முக்காலுக்குப் பள்ளி விடட்டும் டீச்சர். நானே போட்டு விடறேன்.”

“அதுக்குள்ள பிள்ளைங்க வெந்துடும். நேத்து மாரிசேலா மயங்கி விழுந்தா. இன்னொரு பிள்ளை விழுந்தா இந்த ரூமைப் பூட்டிட்டு, எல்லாரையும் பஸ்ல ஏத்தி அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிடுவேன்னு பிரின்சிபால் சொல்லிட்டாங்க. என் கிளாஸே போயிடும் சார்.”

செப்டம்பர் மாதம். கலிஃபோர்னியாவின் பாதாம் தோட்டங்களில் அறுவடை. வெளியே இயந்திரம் மரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. கிளம்பிய புழுதியில் ஜன்னலைத் திறக்க முடியாது. பள்ளியின் பழைய ஏசி போன மாதமே செத்துவிட்டது. சுவரில் பளபளத்த புது ஏசியின் நெற்றியில் ஒரு பச்சை ஸ்டிக்கர்: ‘மாலை, கோடைத் திட்டத்துக்கு மட்டும்.’

“டீச்சர், கிரேயான் வளையுது,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“வளைச்சு வளைச்சு எழுது,” என்றாள் யெசீனியா, திரும்பாமலே.

வெண்டல் உற்சாகமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “இது ரொம்ப அழகான ஏற்பாடு டீச்சர், கேளுங்க. அரசாங்கம் நமக்கு ரெண்டு வாளியில பணம் ஊத்துது. ஒண்ணு பள்ளி நேரத்துக்கு. அது காலி. இன்னொண்ணு மாலைக்கும் கோடைக்கும். அது வழியுது. வழியறதை எடுத்துக் காலி வாளியில ஊத்தக் கூடாது. ஊத்த விட்டா என்ன ஆகும்? மாலை வகுப்பை மூடிட்டு ஆபீசுக்குப் பெயின்ட் அடிச்சிடுவாங்க. அதுக்குத்தான் இந்த விதி.”

“ரூம் அதே ரூம். பிள்ளைங்க அதே பிள்ளைங்க!”

“நேரம் வேற.”

“மூணு மணிக்கு இதே பிள்ளைங்க இதே நாற்காலியில ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு நடுங்குதுங்க. பகல்ல மொட்டைக் கத்தரிக்கோல், சாயங்காலம் புதுக் கத்தரிக்கோல். பகல்ல காத்துப் போன பந்து, சாயங்காலம் புதுப் பந்து!”

“பந்துலயும் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கேன், பாத்தீங்களா?” என்றார் பெருமையாக.

“வழி ஏதாவது இருக்கா, இல்லையா?”

“இருக்குன்னு நானாச் சொல்லக் கூடாது டீச்சர். நீங்களாக் கேட்டா மறைக்கவும் கூடாது.”

சொல்லிவிட்டு எழுந்து அறையின் மூலைக்குப் போனார். கோடை முகாமுக்கு வாங்கிய கம்பிக் கூண்டு அங்கே இருந்தது. அன்று காலையில்தான் தூக்கிவந்து, தடித்த துணியால் மூடி வைத்திருந்தார். இப்போது பையிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து, துணியைத் துளி தூக்கி, உள்ளே நழுவவிட்டார். உதட்டில் விரலை வைத்து, “கொஞ்சம் மெதுவாப் பேசுங்க,” என்றார்.

யெசீனியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஓ! முயலுக்குக் கேரட்டு, என் பிள்ளைங்களுக்கு விதியா? அதுகிட்ட காட்டற அக்கறையில பாதி…”

சட்டென்று நிறுத்தினாள்.

“சார், முயலுக்கு வேர்க்காது, இல்ல? சூடு தாங்காமச் செத்துடும், இல்ல?”

“அப்படித்தான் படிச்சிருக்கேன்.”

“கூண்டு எந்த வாளியில வாங்கினது?”

“ரெண்டாவது வாளி.” துணியின் ஓரத்தை ஒதுக்கிப் பச்சை ஸ்டிக்கரைக் காட்டினார்.

“அப்ப, திட்டத்துப் பிராணி சூட்டுல தவிச்சா, திட்டத்து ஏசியை எப்பப் போடலாம்?”

வெண்டலின் முகம் மலர்ந்தது. “எப்ப வேணும்னாலும் போடலாம் டீச்சர்! பிராணியைக் காப்பாத்தறதுக்கு நேரமே குறிக்கலை.”

“அந்த ரூம்ல பிள்ளைங்க இருந்தா?”

“வெளியே துரத்தணும்னு எங்கேயும் விதி இல்லை.”

அடுத்த நொடி ஏசி உறுமியது. வியர்த்த முகங்கள் எல்லாம் ஒன்றாக மேலே நிமிர்ந்தன.

“முயல் பேரு என்ன சார்?” என்றாள் நயேலி என்ற சிறுமி.

“நீங்களே வைங்களேன்.”

கைதூக்கி ஓட்டுப் போட்டார்கள். வீட்டில் முட்டையோடு வதக்கும் காரத் தொத்திறைச்சியின் பெயர் ஜெயித்தது: சொரீசோ.

“துணியை எடுத்துப் பாக்கலாமா சார்?”

“எடுத்தா எல்லாம் கெட்டுடும் கண்ணுங்களா.”

அன்று அந்த வகுப்பு பெருக்கல் வாய்ப்பாட்டைக்கூடக் கிசுகிசுப்பாகத்தான் ஒப்பித்தது. யாராவது விழுந்துவிட்டார்களா என்று பார்க்க வந்த பிரின்சிபால், சொரீசோ தூங்குகிறது என்று கேள்விப்பட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் திரும்பிப் போனார்.

மாலை வகுப்பும் முடிந்து கடைசிப் பிள்ளையும் கிளம்பியது. குளிர் காதைக் கடிக்க, வெண்டல் கூண்டுக்குள் கையை விட்டுச் சுருண்டு கிடந்த சொரீசோவை வெளியே எடுத்தார். இரண்டு தட்டுத் தட்டி, தலையில் மாட்டி, அந்தப் பழைய கம்பளித் தொப்பியின் காதுகளைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

பிறகு கேரட்டைக் கடித்தபடி கதவைப் பூட்டினார். அது அவர் சொந்தக் காசில் வாங்கிய கேரட்; இல்லாத முயலுக்குத் திட்டப் பணத்தில் தீனி வாங்க விதியில் இடமில்லை.