ஐம்பதாவது நகர்த்தல்

“முப்பத்தொண்ணு” என்று எண்ணியபடி அக்கா தன் யானையை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். “தோத்தவங்கதான் அம்மாகிட்ட போகணும். பேச்சு மாறக் கூடாது.”

“யார் மாறினா?” தம்பி ராஜாவை நகர்த்தினான்.

காலை பத்து மணிக்குச் சதுரங்கப் பலகை முன்னால் உட்கார்ந்தவர்கள். முதல் ஆட்டம் டிரா. இரண்டாவதில் தம்பியிடம் ராணி இருந்தது, அக்காவிடம் வெறும் ராஜா. கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருக்கலாம். அவளுடைய ராஜாவை நகர இடமில்லாமல் முடக்கிவிட்டு, “அடடா, இதுவும் டிராவா?” என்றான். லேத் பட்டறையில் மயிரிழை பிசகாதவன் அவன்.

மூன்றாவதில் ஆளுக்கொரு ராஜா, ஒரு யானை. எதையும் வெட்டாமல் ஆளுக்கு ஐம்பது முறை நகர்த்திவிட்டால் டிரா. காய்களை மறுபடி அடுக்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம்.

உள்ளறையில் அம்மாவின் கட்டில் முனகியது. உடனே இருவரும் உரக்கச் சிரித்தார்கள். “அழுகுணி ஆட்டம் ஆடாதேக்கா” என்று தம்பி சத்தமாகச் சொன்னான். கட்டில் அடங்கியது. சிரிப்பும் நின்றது.

கப்பலில் எஞ்சின் அறை தீப்பிடித்து, கடைக்குட்டி சின்னவன் போய்விட்டான் என்று காலையில் பட்டறைக்கு ஃபோன் வந்தது. தம்பி நேரே அக்கா கண்டக்டராக இருக்கும் பஸ் டிப்போவுக்கு ஓடினான். அக்கா டிக்கெட் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனோடு வந்தாள். வந்தும் என்ன, அந்த அறை வாசலைத் தாண்ட இருவருக்கும் கால் வரவில்லை.

பதினோரு மணிக்கு அம்மாவே இரண்டு டம்ளர் டீ கொண்டுவந்து வைத்தாள். வேலை நாளில் இரண்டு பேரும் வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள், போய்விட்டாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டார்கள்.

நாற்பத்தாறில் தம்பி தன் யானையைக் கொண்டுபோய் அக்காவுடைய ராஜாவுக்குப் பக்கத்திலேயே வைத்தான்.

“வெட்டுக்கா. நான் போய்ச் சொல்றேன்.”

அக்கா அந்த யானையைத் தொடவே இல்லை. “நான் கவனிக்கலை” என்று ராஜாவை வேறு பக்கம் ஒதுக்கினாள். “நாப்பத்தேழு.”

ஐம்பது வந்தது. தம்பி மறுபடி காய்களைப் பொறுக்க ஆரம்பித்தான். அக்கா அவன் கையைப் பிடித்தாள்.

“போதும்டா. எத்தனை ஆடினாலும் அவன் வரப்போறதில்லை. மூத்தவ நான், நானே போறேன்.”

அவள் எழுவதற்குள் கதவு திறந்தது. அம்மா வந்து இருவருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தாள். வலது கையால் அக்காவையும் இடது கையால் தம்பியையும் பிடித்துக்கொண்டாள்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதும்மா. அம்மா... நம்ம சின்னவன்...” என்றாள் அக்கா.

அம்மா அவளையே பார்த்தாள். அப்புறம் தம்பியைப் பார்த்தாள். அம்மாவின் உதடு கோணியது.

“உங்களுக்கும் ஃபோன் வந்துச்சா? சிரிச்சு விளையாடுற பிள்ளைங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் காலையிலேர்ந்து உள்ளே உக்காந்திருந்தேன்.”